ஒரு நிமிஷத்துப் பிரவேசம்

மலேரியா ஜுரம் கண்டவனைப் பல் கிட்ட நடுக்கும் குளிரானது, அவனுடைய இரத்தத்தில் எண்ணிறந்த சிவப்பணுக்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் வெடித்துச் சிதறுவதன் வெளியடையாளம் என்பதை, இத்தாலியில் பவியா நகரத்துச் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த கமில்லோ கோல்ஜி, 1885-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் நோயாளிகளின் இரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து நிலைநாட்டினார். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலும், இரண்டு நாள் விட்டு வரும் முறைக்காய்ச்சலும் வெவ்வேறு ஒட்டுண்ணிகளின் வேலை என்பதும், ஒவ்வொன்றும் தனக்குரிய கால அளவில் சிவப்பணுவுக்குள் வளர்ந்து, பல துண்டங்களாகப் பிரிந்து, அணுவைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுகிறது என்பதும் அவர் கண்டு சொன்னவையே. அப்படி வெளிப்பட்ட துண்டங்கள், மீரோசோயிட் என்று பெயர் பெற்ற அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள், அதன் பிறகு என்ன செய்தன என்பதை மட்டும் அவர் காலத்துக் கண்ணாடிகள் காட்டவில்லை. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அவை புதிய சிவப்பணுக்களுக்குள் குடியேறியிருந்தன. வெளியே இருந்தது எப்படி உள்ளே போயிற்று?

இந்தக் கேள்வி அற்பமானதன்று. நம் சரீரத்திலுள்ள அணுக்களில் பல, வெளிப்பொருளைத் தாமே விழுங்கும் ஸ்வபாவம் உடையவை. வெள்ளணுக்களில் சில, கிருமியைக் கண்டால் தம் உடலை நீட்டி வளைத்து அதை உட்கொண்டுவிடும். ஆகவே அத்தகைய அணுக்களில் வாழும் கிருமிகள் பெரிய பிரயத்தனம் ஏதுமின்றியே உள்ளே போய்ச் சேரலாம். சிவப்பணுவோ, எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே தன் உட்கருவைத் துறந்து, புரதம் செய்யும் கருவிகளையும் பின்னர் இழந்து, ஹீமோகுளோபின் நிறைந்த ஒரு மெல்லிய பையாக இரத்த ஓட்டத்தில் வந்து கலந்து, தன்னிலும் குறுகிய நுண்குழாய்களில் நெளிந்து நெளிந்து சுமார் 120 நாள் உழைத்து மடிவது. எதையும் விழுங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதன் சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் முதலிய புரத இழைகளால் பின்னிய வலை ஒன்று இறுக்கமாகப் பரவியிருக்கிறது. எனவே, உள்ளே புகும் காரியம் முழுவதையும் ஒட்டுண்ணியே செய்தாக வேண்டும். அதுவும், 7 அல்லது 8 மைக்ரான் அகலமுள்ள அந்தப் பையைக் கிழிக்காமலும் ஓட்டையாக்காமலும், தான் சுமார் ஒன்றரை மைக்ரான் நீளமே உள்ள ஒரு துளியாக இருந்துகொண்டு செய்தாக வேண்டும். சவ்வு கிழிந்தால் ஹீமோகுளோபின் வெளியே கொட்டிப்போகும். ஒட்டுண்ணிக்கு இரையும் இல்லை, இருப்பிடமும் இல்லை.

இவ்வளவு அரிய காரியத்தை அது ஏன் மேற்கொள்கிறது என்று கேட்டால், உள்ளே கிடைக்கும் ஆகாரமும் மறைவுமே காரணம் என்று சொல்லலாம். உட்கருவுள்ள அணுக்களில் பெரும்பாலானவை, தமக்குள் அந்நியப் புரதம் நுழைந்தால் அதன் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டி, உடலின் காவல் அணுக்களை வரவழைக்கும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை உள்ளே போய்விட்ட ஒட்டுண்ணி தனக்குரிய கால அளவு முழுவதும் பெரும்பாலும் மறைவில் உண்டு வளரலாம். அது முற்றிலும் வெளிப்பட்டு நிற்பது, ஓர் அணுவை விட்டு இன்னோர் அணுவைப் பற்றும் அந்தச் சொற்ப அவகாசத்தில்தான்.

அந்த அவகாசத்தைக் கண்ணால் காண்பதற்கு மனிதர் பட்ட பாடு தனிச் சரித்திரம். 1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியில், ஒரு சிப்பாயின் இரத்தத்தில் மெல்லிய இழைகளை வீசித் துடிக்கும் ஜீவனைக் கண்டு மலேரியாவின் காரணத்தை உலகுக்கு அறிவித்த பிரெஞ்சு வைத்தியர் அல்போன்ஸ் லாவெரான்கூட, ஒட்டுண்ணி சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே கருதினார். அது அணுவுக்குள்ளேயே இருக்கிறது என்று வாதித்தவர்கள் இத்தாலியரான மார்க்கியாஃபாவாவும் செல்லியும். பின்னர் 1903-இல் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஷௌடின் ஒரு செய்தி வெளியிட்டார்: கொசு கடிக்கும்போது உட்செலுத்தும் ஸ்போரோசோயிட் என்ற வடிவம், சிவப்பணுவை நேரே துளைத்துக்கொண்டு புகுவதைத் தாம் நுண்ணோக்கியில் பிரத்தியட்சமாகக் கண்டதாக எழுதினார். அவர் சாமானியரல்லர், இரண்டே ஆண்டில் ஹாஃப்மனுடன் சேர்ந்து சிபிலிஸ் நோயின் கிருமியைக் கண்டுபிடித்துப் பெரும் புகழ் அடைந்தவர். அவர் வாக்குக்கு இருந்த கௌரவத்தினால், வேறெவரும் மறுபடி காண முடியாத அந்தக் காட்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடப் புத்தகங்களில் நிலைத்து நின்றது. கொசுவிடமிருந்து வரும் வடிவம் முதலில் கல்லீரலுக்குச் சென்று அங்கே பெருகிய பிறகே இரத்தத்துக்கு வருகிறது என்பதை ஷார்ட், கார்ன்ஹம் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1948-இல் நிரூபித்த பின்னரே அந்தப் பிழை நீங்கியது. கல்லீரல் அணு ஒன்றிலிருந்து பல்லாயிரம் மீரோசோயிட்டுகள் புறப்படுகின்றன; சிவப்பணுவுக்குள் புகும் வல்லமை அவற்றுக்கே உரியது, ஸ்போரோசோயிட்டுக்கு இல்லை. கண்ணால் கண்டதாக ஒரு மகா நிபுணர் சொல்லும் சாட்சியையும் பரிசோதனை திரும்பத் திரும்ப உறுதிசெய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வைத்திய சாஸ்திரத்தில் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

உண்மையான காட்சி கிடைத்தது 1975-இல்தான். அதற்கு உதவியது மனித ஒட்டுண்ணியன்று. கல்கத்தாவின் வெப்பமண்டல வைத்தியப் பள்ளியில் நோல்ஸும் தாஸ்குப்தாவும் 1932-இல் ஆராய்ந்து விவரித்ததும், பிறகு நோல்ஸின் பெயராலேயே நோலெஸி என்று வழங்கலானதுமான குரங்கு மலேரியா ஒட்டுண்ணி. அதன் மீரோசோயிட்டுகள் சற்றுப் பெரியவை. மனித ஒட்டுண்ணியினுடையவற்றைக் காட்டிலும் அதிக நேரம் வீரியம் குன்றாமல் இருப்பவை. அமெரிக்காவில் பெதஸ்டா நகரத்துத் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் டுவோராக், லூயிஸ் மில்லர் முதலியோர் அவற்றைச் சிவப்பணுக்களோடு கலந்து, நுண்ணோக்கியுடன் வீடியோக் கருவியைப் பொருத்தி, நிகழ்வதை அப்படியே பதிவு செய்தார்கள். மறு ஆண்டில், நியூயார்க் ராக்ஃபெல்லர் சர்வகலாசாலையில் டிராகரும் ஜென்சனும், மனிதரைக் கொல்லும் ஃபால்ஸிபாரம் வகையைப் பரிசோதனைக் கூடத்தில் இடைவிடாது வளர்க்கும் முறையைக் கண்டார்கள். மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அது எரிந்து அணையும்போது பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகும் அந்தக் காற்றில் ஒட்டுண்ணி செழித்தது. இவ்வளவு எளிய யுக்தியினால் திறந்த வழியில்தான் பிற்காலத்து ஆராய்ச்சி முழுதும் நடந்து வந்திருக்கிறது.

அந்தப் படங்களில் கண்டதைச் சொல்கிறேன். மீரோசோயிட் முட்டை வடிவினது. ஒரு முனை சற்றே கூரியது. அது சிவப்பணுவின்மேல் எந்தப் பக்கமாகவேனும் முதலில் வந்து தொடுகிறது. தொட்டவுடனே சிவப்பணு சும்மா இருப்பதில்லை. அதன் சவ்வு ஒட்டுண்ணியைச் சுற்றிப் புரண்டு, அலை அலையாக நெளிந்து, சில விநாடி வரையில் பெரும் கொந்தளிப்புக்கு உள்ளாகிறது. அந்தக் கொந்தளிப்பினிடையே ஒட்டுண்ணி மெல்லத் திரும்பித் தன் கூர்முனையை அணுவின்மேல் நேராக நிறுத்துகிறது. பிறகு ஒரு சிறிய ஓய்வு. அடுத்தபடி, அந்த முனையைச் சவ்வில் பதித்து அது உள்ளே இறங்கத் தொடங்குகிறது; அரை நிமிஷத்துக்குள் முழு உடலும் மறைந்துவிடுகிறது. சவ்வு பின்னால் மூடிக்கொள்கிறது. சற்றுப் பொறுத்துச் சிவப்பணு முள்முள்ளாகச் சுருங்கி, சில நிமிஷம் அப்படியே இருந்து, பின் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வெடித்து வெளிவந்த வேளையிலிருந்து சில நிமிஷத்துக்குள் ஓர் அணுவைப் பற்றத் தவறிய ஃபால்ஸிபாரம் மீரோசோயிட், பெரும்பாலும் பிறகு பற்றும் திறனையே இழந்துவிடுகிறது.

உள்ளே இறங்கும் அரை நிமிஷத்தில் நிகழ்வதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி விளக்கிற்று. 1978-இல் மஸமிச்சி ஐக்காவா, மில்லர் ஆகியோர் வெளியிட்ட படங்களில், ஒட்டுண்ணியின் சவ்வும் சிவப்பணுவின் சவ்வும் ஓரிடத்தில் மிக நெருங்கி இறுகி, ஒட்டுண்ணியைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்திருப்பது தெரிந்தது. புகுதல் தொடங்கும்போது அவ்வளையம் கூர்முனையில் இருக்கிறது. பாதி புகுந்தபோது நடுவுடலில் இருக்கிறது. முடியும் தறுவாயில் பின்புறத்தை அடைந்துவிடுகிறது. இறுக்கமான வளையலைக் குழந்தையின் விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கு ஏற்றும்போது கை எப்படி வளையலினூடே முன்னேறுகிறதோ, அப்படி ஒட்டுண்ணி அவ்வளையத்தினூடே முன்னேறுகிறது. அதனை முன்னே தள்ளும் விசை அதன் தோலுக்கு அடியிலேயே உள்ளது: நம் தசைகளைச் சுருக்கும் ஆக்டின், மயோசின் என்ற இரு புரதங்களின் இனத்தைச் சேர்ந்தவையே அங்கும் இயந்திரமாக வேலை செய்கின்றன. ஆக்டின் இழைகளைக் குலைக்கும் சைட்டோகலாசின் என்ற மருந்தைக் கொடுத்தால், மீரோசோயிட் சிவப்பணுவைப் பற்றுகிறது, வளையத்தையும் அமைக்கிறது, ஆனால் அதற்கு மேல் அணுவளவும் நகர மாட்டாமல் ஸ்தம்பித்து நிற்கிறது. பற்றுவது வேறு, புகுவது வேறு என்ற பேருண்மை இந்த ஒரு பரிசோதனையால் விளங்கிற்று.

வளையம் எதனால் ஆனது என்பது அதன் பிறகு முப்பது ஆண்டு உழைப்பில் வெளிப்பட்டது. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகுந்த வியப்பை அளிப்பது இதுவே. மீரோசோயிட்டின் கூர்முனைக்குள் மைக்ரோநீம் என்ற சிறு பைகள் பலவும், ரோப்ட்ரி என்ற பேரிக்காய் வடிவப் பைகள் இரண்டும் தயாராகக் காத்திருக்கின்றன. உரிய தருணத்தில் ரோப்ட்ரியின் கழுத்திலிருந்து ஒரு புரதக் கூட்டம் பாய்ந்து சிவப்பணுவின் சவ்வுக்குள் சென்று பதிந்துகொள்கிறது. அதில் ரான்2 என்பது சவ்வின் வெளிப்புறத்தில் தலை காட்டுகிறது. ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் இருக்கும் ஏஎம்ஏ1 என்ற மற்றொரு புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது, பிடிக்கும் கையும் பிடிக்கப்படும் கொம்பும் ஆகிய இரண்டுமே ஒட்டுண்ணியின் சொந்தச் சொத்து. புகவேண்டிய அணுவில் பிடிமானத்தைத் தானே நட்டு, அதைத் தானே பற்றி, அதனூடே தன்னைத் தானே இழுத்துக்கொள்கிறது. புகும்போதே தன் மேலுடலைப் போர்த்தியிருந்த புரதப் போர்வையை நொதிகளால் சீவி, பெரும்பகுதியை வெளியிலேயே உதறிவிட்டுப் போகிறது. உள்ளே அதைச் சூழ்ந்திருக்கும் சிறு அறையின் சுவர், பெரும்பாலும் சிவப்பணுவின் சவ்வே உட்குழிந்து உண்டானது.

ஆயினும், பிடிமானத்தை நடுவதற்கு முன் ஒட்டுண்ணி தனக்குத் தகுந்த அணு இதுதான் என்று இனங்கண்டாக வேண்டும். அதற்குச் சிவப்பணுவின் மேற்பரப்பில் இயற்கையாக உள்ள புரதங்களையே அது நம்பியிருக்கிறது. இது தெரியவந்த கதை சுவையானது. சிபிலிஸினால் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியா ஜுரத்தை உண்டாக்கிக் குணப்படுத்தும் சிகிச்சை ஒன்று பெனிசிலினுக்கு முந்திய காலத்தில் நடைமுறையில் இருந்தது. வியன்னாவின் வாக்னர்-யாவ்ரெக் அதற்காக 1927-இல் நோபெல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் அச்சிகிச்சை செய்த வைத்தியர்கள், ஆப்பிரிக்க வம்சத்து நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவை எவ்வளவு முயன்றும் ஏற்றமுடியவில்லை என்று கண்டார்கள். காரணம் பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 1950-இல் லண்டனில், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் மூலமாக டஃபி என்ற இரத்தத் தொகுதி அறியப்பட்டு அந்நோயாளியின் பெயராலேயே வழங்கலாயிற்று. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய அனைவரின் சிவப்பணுக்களிலும் அது இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. இரண்டையும் மில்லர் இணைத்தார். 1975-இல், டஃபி இல்லாத மனிதச் சிவப்பணுக்களில் நோலெஸி ஒட்டுண்ணி புகுவதில்லை என்று காட்டினார். டஃபி உள்ள அணுக்களிலிருந்து ஒரு நொதியைக் கொண்டு டஃபி புரதத்தை அகற்றினால் அவற்றிலும் புகுவதில்லை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ஒட்டுண்ணி அவ்வணுக்களின்மேல் வந்து ஒட்டுகிறது, அணு நெளிகிறது, ஆனால் வளையம் மட்டும் அமைவதில்லை. சற்று நேரத்தில் அது பிடி தளர்ந்து விலகிப் போகிறது. மறு ஆண்டில், வைவாக்ஸ் ஒட்டுண்ணியை ஏந்திய கொசுக்களால் கடிக்கப்பட்டும் நோய் காணாதவர்களின் இரத்தத்தைச் சோதித்து, அவர்கள் டஃபி இல்லாதவர்கள் என்றும் நிறுவினார்.

அந்த ரக்ஷை எதனால் கிடைத்தது என்பதை 1995-இல் பிரெஞ்சு அறிஞர்கள் தெளிவாக்கினார்கள். டஃபி மரபணுவின் முகப்பிலுள்ள ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து, மாறியிருக்கிறது. அதனால் சிவப்பணுவில் மட்டும் அப்புரதம் உண்டாவதில்லை, உடலின் மற்றப் பாகங்களில் வழக்கம்போல் உண்டாகிறது. அந்த ஓர் எழுத்து ஒரு கண்டத்தின் பெரும்பகுதியை வைவாக்ஸிடமிருந்து காத்துவந்தது. ஆனால் அந்தக் காவலும் முழுமையானதன்று: டஃபி இல்லாதவர்களிடத்திலும் வைவாக்ஸ் நோய் காணப்பட்டதாக 2010-இல் மடகாஸ்கரிலிருந்து செய்தி வந்தது.

வைவாக்ஸுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளஞ்சிவப்பணுக்களையே அது நாடுகிறது. இரத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான். இரும்புச்சத்தை அணுவுக்குள் கொணரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி இளம் அணுக்களில் இருந்து, முதிரும்போது மறைந்துவிடுவதும், வைவாக்ஸ் அந்த ஏற்பியையே பற்றுவதும் 2018-இல் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்களால் வெளிப்பட்டன. ஃபால்ஸிபாரத்துக்கோ இளமை முதுமை என்ற பேதமில்லை. எந்த வயதுச் சிவப்பணுவிலும் புகும். ஆகவே இரத்தத்தில் கட்டுக்கடங்காமல் பெருகும். அது மிகக் கொடியதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிவப்பணுவின் கிளைக்கோஃபோரின் ஏ என்ற புரதத்தை ஃபால்ஸிபாரத்தின் இபிஏ-175 என்ற புரதம் பற்றும். அது இல்லாவிட்டால் கிளைக்கோஃபோரின் பி, சி முதலியவற்றைப் பற்றும் வேறு புரதங்கள் இருக்கின்றன. ஒரு மார்க்கம் அடைபட்டால் இன்னொன்றினால் புகும் இந்தச் சாமர்த்தியந்தான் ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டு மனம் தளர வைத்தது. கென்யாவில் கிலிஃபி கடற்கரைப் பிரதேசத்தில் சிலருக்குள்ள டான்டு என்ற அரிய இரத்தத் தொகுதி கடுமையான மலேரியாவிலிருந்து காக்கிறது; அதற்குக் காரணம் எந்த ஏற்பியும் இல்லாமற்போனதன்று, சிவப்பணுவின் சவ்வு வழக்கத்தினும் விறைப்பாக இருப்பதே என்று 2020-இல் தெரிந்தது. சவ்வு ஓர் எல்லைக்கு மேல் இறுகியிருந்தால் ஒட்டுண்ணியால் அதை வளைத்துப் புகமுடிவதில்லை.

இத்தனை மாற்று வழிகளுக்கு இடையே தவிர்க்கவே முடியாத ஒரு வழியும் இருப்பது 2011-இல் தெரியவந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள சாங்கர் நிலையத்தில், கேவின் ரைட், ஜூலியன் ரேய்னர் ஆகியோரின் குழுவினர், ஃபால்ஸிபாரத்தின் ஆர்எச்5 என்ற புரதம் சிவப்பணுவின் பேசிஜின் என்ற புரதத்தைப் பற்றுகிறது என்றும், அந்தப் பற்றுதலைத் தடுத்தால் தாம் சோதித்த எல்லா ஒட்டுண்ணி வகைகளும் புகும் சக்தியை இழக்கின்றன என்றும் அறிவித்தார்கள். மற்றப் புரதங்களைப்போல் ஆர்எச்5 ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபடுவதுமில்லை. இதன் முக்கியத்துவத்தை உணர ஒரு பழைய தோல்வியை நினைத்துப் பார்க்க வேண்டும்: ஏஎம்ஏ1 புரதத்தைக் கொண்டு செய்த தடுப்பூசியை மாலி நாட்டுப் பண்டியாகராவில் குழந்தைகளுக்கு அளித்துப் பார்த்தபோது, ஊசியிலிருந்த புரதத்தை ஒத்த ஒட்டுண்ணிகளை அது ஓரளவு தடுத்தது, சற்றே மாறுபட்டவை தடையின்றி நோய் தந்தன. ஆதலால் மொத்தத்தில் பயன் காணவில்லை என்று 2011-இல் வெளியான அறிக்கை கூறிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2021-இலும் 2023-இலும் சிபாரிசு செய்த இரண்டு தடுப்பூசிகளும், ஸ்போரோசோயிட்டைக் கல்லீரலுக்குப் போகாமல் தடுக்க முயல்பவை. அவை பல உயிர்களைக் காக்கின்றன. அவற்றின் மேன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் ஒரே ஒரு ஸ்போரோசோயிட் தப்பிப் போனாலும் பல்லாயிரம் மீரோசோயிட்டுகள் இரத்தத்தில் இறங்கிவிடும். அப்போது அவ்வூசிகளால் செய்யக்கூடியது ஏதுமில்லை. அங்கேதான் புகுதலைத் தடுக்கும் ஊசி தேவைப்படுகிறது. அதன் கஷ்டமும் வெளிப்படையானது: ஒட்டுண்ணி வெளியே நிற்பது சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிஷங்கள், அதற்குள் எதிர்ப்புப் பொருள் ஆர்எச்5-ஐக் கண்டு பற்றிக்கொள்ள வேண்டுமானால், இரத்தத்தில் அது மிக அதிக அளவில், எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட் சர்வகலாசாலையினர் உருவாக்கிய ஆர்எச்5 தடுப்பூசியைப் புர்கினா ஃபாஸோவில் 5 முதல் 17 மாத வயதுள்ள குழந்தைகளுக்கு அளித்துச் செய்த சிறிய அளவிலான பரிசோதனையில், மூன்றாவது ஊசியைத் தாமதித்துப் போட்ட குழுவினரிடம் அது சுமார் 55 சதவீதம் நோயைத் தடுத்ததாக 2024-இல் முடிவுகள் வெளியாயின. இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியைக் குறிவைத்த தடுப்பூசிகளின் நீண்ட தோல்விச் சரித்திரத்தில் இது ஒரு நல்ல திருப்பம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-ஆம் ஆண்டில் மலேரியாவினால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கல்லீரலுக்கு முன்னே ஒரு தடையும் சிவப்பணுவுக்கு முன்னே ஒரு தடையுமாக இருவகை ஊசிகளையும் சேர்த்துக் கொடுத்துச் சோதிப்பதே இனிச் செல்ல வேண்டிய நேரான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தச் சோதனைகள் பணமின்மையால் ஒருநாளும் தாமதப்படாதபடி பார்த்துக்கொள்வது, பணமுள்ள அரசாங்கங்களின் கடமை.